துமான் சுமந்த சட்டை

நாய்க்கும் ஊசி போட வேண்டும் என்று தோஸ்-புலாக் மலையூரை நம்ப வைக்க டாக்டரம்மா துர்சுனை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டுக்கு ஊசி என்றால் ஒத்துக்கொள்வார்கள். குதிரைக்கு என்றால் தாங்களே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாய்க்கு என்றதும் சிரிப்பார்கள். "எங்களுக்குக் காய்ச்சல் வந்தா எட்டிப் பார்க்க ஆளில்ல, நாய்க்கு டாக்டரம்மா வீடு தேடி வந்துட்டாங்க" என்று கேலி பேசிய ஊர் அது. ஆனாலும் துர்சுனை சளைக்கவில்லை. கால்நடை மருத்துவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து சேற்றில் கால் புதைய வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடிக்க வந்த நாய்களை அவற்றை வளர்த்தவர்களைவிட உரக்கத் திட்டினாள். கடைசியில் ஒரே ஒரு பேச்சில்தான் ஊரை மடக்கினாள்.

"நான் ஊசி போட்ட நாய்க்கு வெறிநோயோ, நாய்க்கு நாய் தொத்தற டிஸ்டெம்பர் காய்ச்சலோ வந்தா என் வீட்டு வாசலுக்கு வாங்க. நான் பொறுப்பு."

அந்தப் பொறுப்பு என்ற சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. போகப் போக அவளும் பிடித்துக்கொண்டாள். ஊசி மருந்தை யாரோ எங்கேயோ செய்து அனுப்புகிறார்கள் என்பது மறந்து, தன் வாய்ச்சொல்லே நோயைத் தடுக்கிறது என்று நம்பும் அளவுக்கு அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

மார்ச் மாதம், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில், தலைநகரம் பிஷ்கெக்கிலிருந்து வேரா கூப்பிட்டாள். வேரா அவளோடு படித்தவள், இப்போது தலைநகரத்து ஆய்வகத்தில் இருக்கிறாள். ஊர் நாய்கள் வரிசையாகச் செத்த நவம்பரில் துர்சுனை அனுப்பிவைத்த நாய் ரத்தமும் சளியும், அங்கே கருவி பழுதாகிக் கிடந்ததால் குளிர்காலம் முழுக்க உறைபெட்டியில் தூங்கியிருந்தன.

"துர்சுனை, உட்கார்ந்திருக்கியா?"

"நின்னுட்டிருக்கேன். நான் என்ன பிள்ளைத்தாச்சியா, சொல்லு."

"டிஸ்டெம்பர்தான். ஆனா நம்ம ஊசியில இருக்கற வைரஸ் ரொம்பப் பழசு. உங்க ஊர்ல சுத்தறது அதுலேருந்து விலகி எங்கேயோ போயிடுச்சு. வெளிப்பக்கம் இருக்கற புரதத்துல பல இடம் மாறியிருக்கு. ஊசி போட்ட நாயோட ரத்தத்தைப் பழைய வைரஸோட சேர்த்துப் பார்த்தேன், உடனே மடக்கிப் போடுது. உங்க ஊர் வைரஸை வச்சா, அடையாளம் தெரியாம தடுமாறுது."

"அப்ப ஊசியே வீணா?"

"நான் அப்படிச் சொல்லலை. ஊசி போடாத நாய் எதுவும் பிழைச்சிருக்காது. போட்டதுல ஒரு பாதியாவது தப்பிச்சிருக்கும். ஊசி கொஞ்சம் காப்பாத்துது, முழுசாக் காப்பாத்தலை."

துர்சுனைக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. கேட்காமல் போனை வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியதை அவளே கவனித்தாள்.

"துமான்னு பேர் எழுதின ரத்தம் ஒண்ணு இருக்குமே. அது?"

"அதுலதான் எதிர்ப்பு எல்லாத்தையும்விட நல்லா இருக்கு, பழைய வைரஸுக்கு எதிரா. மருந்து கெட்டுப்போகலை, ஊசியும் ஒழுங்கா உள்ளே போயிருக்கு. யார் போட்டது, நீதானே?"

"இல்லை," என்றாள் துர்சுனை. "வேற ஒருத்தர்."

"சுத்தமான கை. உன்னைவிடத் தேவலை," என்று வேரா சிரித்தாள். துர்சுனையால் சிரிக்க முடியவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஷார்ஷென். ஊர் ஆடுகளை மொத்தமாக ஓட்டிக்கொண்டு கோடையில் மலைமேல் மேய்ச்சலுக்குப் போகிறவன். மனைவி செத்த புதிதில் கொஞ்ச காலம் குடித்தான், பிறகு விட்டுவிட்டான். விட்டதை ஊர் மறந்துவிட்டது, குடித்ததை மட்டும் நினைவில் வைத்திருந்தது. துமான் அவனுடைய வேட்டைநாய். நல்ல தைகன் இனம், மூடுபனி நிறம், ஓட ஆரம்பித்தால் கால் தரையில் படுகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நரி வேட்டைக்கு யார் கிளம்பினாலும் முதலில் ஷார்ஷென் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

போன ஜூனில் துர்சுனைக்கு முழங்கால் வீங்கிக் குதிரை ஏற முடியவில்லை. மலையில் இருக்கும் நாய்களுக்கு இரண்டாம் ஊசி போட வேண்டியிருந்தது. பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்கில் மருந்தை வைத்து ஷார்ஷெனிடம் கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று ஒரு ஆட்டைப் பிடித்து வைத்துக் காட்டினாள். அவன் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போனான். போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினான்.

அக்டோபரில் துர்சுனையின் பேரன் எமிலுக்கு நாற்பதாம் நாள் குளிப்பாட்டு. மகன் தலைநகரத்தில் வண்டி ஓட்டுகிறான், மருமகள் ஜிபெக் பிள்ளையோடு அவளிடம் இருந்தாள். தலைப்பேரன். துர்சுனைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளை அதுவரை போட்டிருந்த முதல் சட்டையைக் கழற்றி, அதில் மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டி ஓடவிடுவது எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஊர்ப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயை எடுத்துக்கொள்வார்கள், சட்டை வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டிக்குள் போகும். அந்த நாய் எப்படியோ பிள்ளையும் அப்படி என்று சொல்வார்கள். வேறு வீட்டில் வாசலில் படுத்திருக்கும் ஏதோ ஒரு நாய் போதும். துர்சுனைக்குப் போதவில்லை. துமான்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

ஷார்ஷென் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆனால் முற்றத்துக்குள் வராமல் வேலி ஓரமாக நின்று அவளை ஜாடை காட்டிக் கூப்பிட்டான்.

"அக்கா, துமானுக்கு உடம்பு சரியில்லை. ரெண்டு மூணு நாளா கண்ணுல பீளை. சரியாத் தின்னவும் இல்லை. நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன். இன்னிக்கு வேற நாய் பாருங்களேன். இதை நான் கொண்டுபோய்க் கட்டிப் போட்டுடறேன்."

துர்சுனை குனிந்தாள். நாயின் கண் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்ததைத் தன் தலைத்துணி முனையால் துடைத்தாள். மூக்கைத் தொட்டாள். முற்றம் நிறையச் சொந்தம், அடுப்பில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகிற மணம், பிள்ளைகளின் கூச்சல்.

"தூசி," என்றாள். "ஊசி போட்ட நாய்க்கு என்னடா வரும்? நீ டாக்டரா நான் டாக்டரா? உள்ளே கொண்டா."

அவளே தன் கையால் சட்டையைக் கட்டினாள். துமான் ஓடியது. ஊர்ப் பிள்ளைகள் ஓடினார்கள், அவர்களோடு ஊர் நாய்கள் எல்லாம் ஓடின. அன்றைக்குத் துமான் அவ்வளவு வேகமாக ஓடவில்லை. சீக்கிரமே பிடிபட்டது. நாய்கள் அதைச் சூழ்ந்து மூக்கோடு மூக்கு உரசி முகர்ந்து பார்த்தன. எல்லாரும் கை தட்டினார்கள், துர்சுனையும் தட்டினாள்.

அடுத்த வாரங்களில் துமானுக்குத் தாடை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. வலிப்பில் கால்கள் தரையைத் துழாவின. அது செத்த பிறகு பக்கத்து வீட்டு நாய், அதற்கடுத்த வீட்டு நாய் என்று வரிசையாக விழுந்தன. முதல் பனி விழுந்தபோது ஊரில் பாதி வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது.

எல்லாரும் துர்சுனையிடம் வந்தார்கள். பொறுப்பு என்றீர்களே என்று யாரும் நேராகக் கேட்கவில்லை, கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வைதான் அவளைப் புரட்டிப் போட்டது. தன் ஊசி தோற்கும் என்று அவள் மனம் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாது. அப்படியானால் எங்கோ ஊசி போடப்படவில்லை. மலைக்கு மருந்து கொண்டுபோனது யார்? அவன் நாய்க்குத்தானே முதலில் வந்தது? கணக்கு அவளுக்கு அழகாகப் பொருந்தியது. தன் கையால் ஊசி போட்ட ஊர் நாய்களும் செத்ததை, அது கிழட்டு நாய், இது நோஞ்சான் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்தாள்.

ஊர்த் தலைவர் மாமித் வீட்டில் குளிர்காலத்துக்குக் குதிரை அடித்த விருந்து. இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது பேச்சு நாய்களைப் பற்றித் திரும்பியது. ஷார்ஷெனும் அங்கே உட்கார்ந்திருக்க, துர்சுனை அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

"என் மருந்துல குறையில்லை. மருந்தை அடுப்பு ஓரமா வச்சுக் கெடுத்திருப்பான், இல்லேன்னா குத்தாமலே ஆத்துல ஊத்தியிருப்பான். பிளாஸ்கைப் பார்த்தா சிலருக்கு வேற ஞாபகம் வந்துடுது."

ஓஸ்மோன் என்கிறவன், வாய்க்குப் பூட்டில்லாதவன், உடனே பிடித்துக்கொண்டான். "ஒருவேளை மாத்திட்டானோ என்னவோ. ஓட்காவை நாய்க்குக் குத்திட்டு ஊசி மருந்தை இவன் குடிச்சிருப்பான். அதான் இவன் மட்டும் திடமா இருக்கான்."

வீடே அதிரச் சிரித்தது. ஷார்ஷென் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை, துர்சுனையைப் பார்த்தான். "நான் குத்தினேன் அக்கா," என்று மட்டும் சொன்னான். பிறகு இறைச்சி பரிமாறினார்கள். வயதுக்கும் மதிப்புக்கும் தக்க எலும்பை ஆளுக்கு ஆள் பார்த்து வைப்பதுதானே முறை. ஷார்ஷெனுக்குத் தொடை எலும்பு வரவேண்டிய இடத்தில், மீசை முளைக்காதவர்களுக்குப் போடும் முதுகெலும்புத் துண்டு வந்தது. அவன் அதைத் தின்றான். குளிர்காலம் முழுக்க யாரும் அவனை வேட்டைக்குக் கூப்பிடவில்லை.

ரத்தத்தையும் சளியையும் வேராவுக்கு அனுப்பியதுகூட, அவன் ஊசி போடவில்லை என்பதை ஒரு பெரிய இடத்திலிருந்து சொல்லவைக்கத்தான். இப்போது பெரிய இடம் சொல்லிவிட்டது.

மறுநாள் ஊர்க் கூட்டம். வரும் கோடைக்கு ஆடுகளை யார் கையில் ஒப்படைப்பது என்று முடிவு செய்கிற கூட்டம். ஷார்ஷென் வேண்டாம் என்று ஓஸ்மோன் வீடு வீடாகப் போய்ப் பேசிவைத்திருந்தான். மேய்ச்சலும் போய்விட்டால் ஷார்ஷெனுக்கு இந்த ஊரில் செய்ய எதுவும் இல்லை. துர்சுனை கிளினிக் கதவைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாராவது எதிர்ப்பட்டுத் தடுத்துவிட மாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

அவன் முற்றத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டிவைத்து இரும்புச் சீப்பால் அதன் அடிமயிரை வாரிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. ஆட்டுக்கு ஊசியா?"

"இல்லை. உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசுங்க. இது கேட்டா பரவாயில்லையே?" என்று ஆட்டைக் காட்டினான்.

அவள் வேரா சொன்னதையெல்லாம் சொன்னாள். நோய்க்கிருமி மாறியிருக்கிறது, மருந்து பழையது, துமானின் ரத்தத்தில் ஊசி வேலை செய்திருக்கிறது, அவன் சரியாகத்தான் குத்தியிருக்கிறான். சொல்லும்போது அவள் கண் ஆட்டின் கொம்பிலேயே இருந்தது. சீப்பு ஒரே சீராகப் போய்வந்தது.

"நான் குத்தினேன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னே."

"அப்ப இது எனக்குப் புதுச் சேதி இல்லைக்கா. உங்களுக்குத்தான் புதுசு."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. துர்சுனை நின்றாள். அவன் உட்காரச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"ஷார்ஷென், எனக்கு ஒண்ணு புரியலை. நாய்க்கு உடம்பு சரியில்லை, வேண்டாம்னு சட்டை கட்டுறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொன்னியே. அன்னிக்கு விருந்துல அதை நீ சொல்லியிருந்தா எல்லாரும் என் பக்கம் திரும்பியிருப்பாங்க. உன்னை ஒருத்தனும் தொட்டிருக்க மாட்டான். ஏன் சொல்லலை?"

சீப்பு நின்றது.

"எப்படிக்கா சொல்றது? அது உங்க பேரன் சட்டையாச்சே."

அவள் விழித்தாள்.

"சீக்கு நாய் கழுத்துல கட்டின சட்டைன்னு ஊர் வாயில ஒரு தடவை விழுந்தா, அப்புறம் யார் எடுக்கறது? அந்தப் பிள்ளை தும்மினா அதுதான்னு சொல்வாங்க. பள்ளிக்கூடத்துல ஓட்டத்துல தோத்தா அதுதான். நாளைக்குப் பெண் கேட்கப் போற இடத்துல இவனுக்கு முன்னாடி அந்தப் பேச்சு போய் உட்கார்ந்திருக்கும். பால்குடிப் பிள்ளை மேல நான் அதைத் தூக்கிப் போடணுமா? என் பேரு முன்னாடியே அழுக்கு. இன்னும் கொஞ்சம் ஒட்டினா வெளியே தெரியாது."

துர்சுனைக்கு முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. தான் அவனைப் பற்றி ஊர் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசியபோது, அவன் அவள் பேரனின் நாளைய வாழ்வை யோசித்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த எலும்புத் துண்டையும் தின்றிருக்கிறான். அவளுக்கோ ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. அவன் பேசாமல் இருந்ததைக் குற்றம் செய்தவனின் மௌனம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். மண்ணுக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"நாளைக்குக் கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லிடறேன்," என்றாள்.

"ஊசி ஒழுங்காப் போட்டேன்னு சொல்லுங்க, அது போதும். சட்டைப் பேச்சு வேண்டாம்." அவன் மறுபடி ஆட்டின் பக்கம் திரும்பினான். "எனக்காக ஒண்ணும் சொல்லலை. அந்தப் பிள்ளைக்காகச் சொல்றேன்."

வீட்டில் ஜிபெக் எமிலுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். துர்சுனை மறைக்கவில்லை. அன்றைக்கு வேலி ஓரத்தில் நடந்ததைச் சொன்னாள். மருமகளின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"தெரிஞ்சேதான் கட்டினீங்களா அத்தை?"

"தெரியாது. தெரிஞ்சுக்க விருப்பமில்லை. ஊர்லயே நல்ல நாய் என் பேரனுக்கு ஓடணும்னு இருந்துச்சு."

ஜிபெக் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நீங்க போய்ச் சொன்னா உங்க மனசு லேசாகும். உங்க மனசு லேசாகறதுக்கு என் பிள்ளை எதுக்கு அத்தை?"

துர்சுனை, ஷார்ஷென் சொன்னதையும் ஜிபெக் சொன்னதையும் கூட்டிப் பார்த்து, ஊசியைப் பற்றி மட்டும் சொல்வது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பழைய கிளப் கட்டடத்துக்கு முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் பெஞ்சிலும் கட்டைகளிலும் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வெயில் படும் சுவரோரம். ஜிபெக்கும் எமிலைப் போர்த்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஷார்ஷென் கடைசியில், ஒரு டிராக்டர் சக்கரத்தின் மேல்.

மாமித் பேச்சை ஆரம்பிப்பதற்குள் துர்சுனை எழுந்தாள். இத்தனை வருடம் இதே இடத்தில் நின்று ஊரை அதட்டிய குரல் இப்போது வெளியே வர மறுத்தது.

"நாய்ங்க செத்தது ஷார்ஷெனால இல்லை. அவன் ஊசி போட்டிருக்கான், சரியாப் போட்டிருக்கான். தலைநகரத்துல ரத்தத்தைச் சோதிச்சுச் சொல்லிட்டாங்க. வந்த நோய்க்கிருமி மாறிப்போன ஒண்ணு. காவல்காரன் கையில திருடனோட பழைய போட்டோவைக் கொடுத்து வச்சிருக்கோம், திருடன் தாடி வளர்த்துட்டு வந்துட்டான். தப்பு என் பேருல. விசாரிக்காம அவனைக் குற்றவாளியாக்கினது நான்."

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ கேட்டார்கள். "அப்ப இனிமே ஊசி வேண்டாமாக்கா?"

"வேணும். ஊசி போடாத நாய் ஊர்ல எது மிஞ்சியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம். போட்டதுல பாதி மிஞ்சியிருக்கு. அந்தப் பாதிக்காகப் போடணும். ஆனா நான் பொறுப்புன்னு சொன்னேனே, அதை நான் சொல்லியிருக்கவே கூடாது."

ஓஸ்மோன் விடுவானா? "ஊசி போட்டான், சரி, ஒத்துக்கறேன். சீக்கு முதல்ல அவன் நாய்க்குத்தானே வந்துச்சு? கட்டிப் போட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். எங்க வீட்டு நாய்க்கு எப்படி வந்துச்சு, இறக்கை கட்டிக்கிட்டா? தன் நாய் சீக்கா இருக்கறதுகூடத் தெரியாதவன் நம்ம ஆட்டை என்னத்தைப் பார்க்கப் போறான்?"

அது நியாயமான பேச்சாக எல்லாருக்கும் பட்டது. தலைகள் ஆடின. துர்சுனை ஷார்ஷெனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கும் அவனிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் மேய்ச்சலை விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போகத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாதி உண்மையைச் சொல்லித் தான் தப்பித்துக்கொண்டு, மீதியை மறுபடியும் அவன் தலையில் வைத்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது.

சுவரோரம் ஜிபெக் தலையை மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்று.

"அவனுக்குத் தெரியும்," என்றாள் துர்சுனை. "என் பேரனோட நாற்பதாம் நாளன்னிக்கு, நாய்க்கு உடம்பு சரியில்லை, கட்டிப் போடப் போறேன்னு என்கிட்ட வேலி ஓரமா நின்னு சொன்னான். நான்தான் கேட்கலை. கண்ணுல பீளை இருந்துச்சு. என் கையால துடைச்சேன். துடைச்சுட்டு, என் கையாலதான் சட்டையைக் கட்டினேன். உங்க நாயெல்லாம் அதோட ஓடுச்சு. அப்படித்தான் வந்துச்சு."

பார்வைகள் அவளை விட்டு ஒன்றொன்றாக நகர்ந்து சுவரோரம் போயின. கெடுதல் தன்னை அண்டாமலிருக்க ஒரு பெண் தன் சட்டைக்கழுத்தைப் பிடித்து உள்ளே துப்பிக்கொண்டாள். ஜிபெக் போர்வையை இழுத்து எமிலின் முகத்தை மூடினாள். ஊர் வாயில் விழுந்துவிட்டது. இனி எடுக்க முடியாது.

அப்போது ஷார்ஷென் எழுந்தான்.

"அக்காவுக்கு வருத்தத்துல ஞாபகம் குழம்பிப்போச்சு," என்றான், யாரையும் பார்க்காமல். "அன்னிக்குத் துமானுக்கு ஒண்ணுமில்லை. நான்தான் கண்ணு ஒழுகுதுன்னு பயந்தேன். அக்கா பார்த்துட்டுத் தூசின்னு சொன்னாங்க. தூசிதான். சட்டை கட்டினப்ப நாய் திடமா இருந்துச்சு, நீங்களே பார்த்தீங்களே, எப்படி ஓடுச்சுன்னு. சீக்கு பிற்பாடு வந்தது. கட்டித்தான் போட்டிருந்தேன். ஒரு நாள் கயிறை அறுத்துக்கிட்டு ஊருக்குள்ள ஓடிடுச்சு. முடிச்சை ஒழுங்காப் போடாதது என் தப்பு."

கூட்டம் மூச்சுவிட்டது. நம்புவதற்கு வசதியான பேச்சு அது. ஊரில் யாருக்குத்தான் அந்தக் குழந்தைக்குக் கெடுதல் நினைக்க மனம் வரும்? மாமித் தொண்டையைச் செருமினார். "கயிறு அறுக்காத நாய் யார் வீட்டுல இருக்கு? ஓஸ்மோன், உன் நாய் போன வருஷம் என் தொழுவத்துல என்ன பண்ணுச்சுன்னு இங்கே சொல்லட்டுமா?" எல்லாரும் சிரித்தார்கள். ஓஸ்மோனும் சிரித்தான். கைகள் உயர்ந்தன. ஆடுகள் ஷார்ஷென் கையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

துர்சுனையும் கையைத் தூக்கினாள். முகத்தைத் தூக்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க ஷார்ஷென் சொல்லுக்கு இந்த ஊரில் மதிப்பில்லாமல் இருந்தது. சற்று முன்தான் அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். கைக்கு வந்ததும் அவன் முதல் வேலையாக அதை வைத்து ஒரு பொய் சொன்னான், அவள் பேரனுக்காக. துமான் ஒரு நாளும் கயிறை அறுத்ததில்லை. அவள் அன்றைக்கு வாய்க்கொழுப்பில் சொன்ன அதே தூசிதான் இப்போது அவன் வாயிலிருந்து வந்து குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. பட்ட கடனைத் தீர்க்க வந்தவள், அதைவிடப் பெரிய கடனோடு நின்றாள்.

கூட்டம் கலைந்தது. ஜிபெக் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பிள்ளையோடு முன்னால் நடந்தாள். ஷார்ஷென் சேற்றில் வழி பார்த்துக் காலை வைத்து அவள் பக்கம் வந்தான். அவன் அங்கியின் உள்ளே ஏதோ நெளிந்தது. ஒரு சாம்பல் மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"மலைமேல் ஊர் மச்சான் கொடுத்தது," என்றான். "எப்பக்கா ஊசி போடறீங்க?"

"நாளைக்குக் கொண்டா. போடறேன்." குட்டியைத் தொடக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். "ஆனா முன்ன மாதிரி நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஷார்ஷென். ஊசி காப்பாத்தலாம், காப்பாத்தாமலும் போகலாம். கண்ணு ஒழுகுச்சுன்னா உடனே கட்டிப் போடு. மத்த நாய்ங்களோட விடாதே."

ஷார்ஷென் குட்டியின் தலையை அங்கிக்குள் தள்ளிப் பொத்தானைப் போட்டான். அந்த விருந்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அதைத்தானேக்கா அன்னிக்கு நான் சொன்னேன்."